வலையமைப்பில் பழுது தேடுதல்



குற்றால மலையில் சாரல் தொடங்கிவிட்டது; சிற்றாற்றில் புதுநீர் வந்துவிட்டது; அணைக்கட்டுகளிலிருந்து கால்வாய் வழியே குளங்களுக்கும் நீர் சேர்ந்துவிட்டது. ஆயினும் ஒருவருடைய வயலுக்கு மட்டும் நீர் வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். அனுபவமுள்ள உழவர் என்ன செய்வார்? அருவியில் தண்ணீர் விழுகிறதா என்று பார்க்கக் குற்றாலத்துக்குப் பயணப்படமாட்டார். முதலில் தம் வயலின் மடையைப் பார்ப்பார். மடை திறந்திருக்கிறதென்றால் வாய்க்கால் கரையோடு மேல்நோக்கி நடப்பார். மேலண்டை வயலுக்கு நீர் பாய்கிறது என்று கண்டால், பழுது அந்த வயலுக்கும் தம் வயலுக்கும் இடையில்தான் இருக்கவேண்டும் என்பது அவருக்கு அந்தக் கணமே விளங்கிவிடும். குளத்து மதகு வரை போகவேண்டிய தேவையே இராது. வழியில் உள்ள மூன்று மடைகளை ஒரே சமயத்தில் மாற்றிவைக்கவும் மாட்டார்; வைத்தால் எதனால் நீர் வந்தது என்பது தெரியாமற் போய்விடும் அன்றோ?

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்கு முதன்முதலாகச் சொல்லிக்கொடுத்த விதி, அறிந்ததிலிருந்து அறியாததற்குச் செல்லவேண்டும் என்பது. ஆகவேதான் வாய்க்காலிலிருந்து தொடங்கினேன். இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள், கணிப்பொறி வலையமைப்பில் பழுது தேடும் முறை. அதிலும் சிறப்பாக, விண்டோஸ் சர்வர் என்னும் தலைமைப் பொறியைக் கொண்டு அமைக்கப்பட்ட வலையமைப்பு. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் நடத்தும் சான்றிதழ்த் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்கள் நம் தென்காசி வட்டாரத்திலும் இருக்கிறார்கள். இவ்வார்த்தைகள் அவர்களுக்கும், இனிமேல் படிக்கப் போகிறவர்களுக்கும் உரியவை.

இந்தக் கலைக்கும் நம் ஊருக்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்கக்கூடும். தென்காசிக்கு அருகே மத்தளம்பாறை என்னும் சிற்றூரில் 2011-ஆம் ஆண்டு முதல் ஸோஹோ நிறுவனத்தின் அலுவலகம் இயங்கி வருவதை நீங்கள் அறிவீர்கள். அந்நிறுவனம் 1996-இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கியபோது அதன் தொழில் என்னவாக இருந்தது தெரியுமா? வலையமைப்புகளை மேற்பார்வை செய்வதற்கான மென்பொருள்களை ஆக்குவதுதான். வலையமைப்பில் உள்ள ஒவ்வொரு கருவியும் தன் நலத்தைத் தானே அறிவிக்கும்படி செய்து, எங்கே இணைப்பு அறுந்தது, எங்கே நெரிசல் மிகுந்தது என்று ஓரிடத்திலிருந்து கண்டறிய உதவும் மென்பொருள்கள் அவை. 2009-இல் நிறுவனத்தின் பெயர் மாறியது. அதன் மேனேஜ்எஞ்சின் பிரிவு இன்றும் இந்தப் பணியைச் செய்துவருகிறது. பள்ளி இறுதி வகுப்பு முடித்தவர்களைச் சேர்த்து, கல்லூரிப் பட்டம் கேளாமலே பயிற்சி அளிக்கும் பள்ளி ஒன்றையும் அந்நிறுவனம் நடத்துகிறது. ஆகையால் பழுது தேடும் கலை சென்னைக்கோ பெங்களூருக்கோ போய்க் கற்கவேண்டிய தொலைதூரக் கலை என்று எண்ணவேண்டுவதில்லை.

இனி விஷயத்துக்கு வருவோம். வலையமைப்பில் உள்ள ஒவ்வொரு பொறிக்கும் ஒரு முகவரி உண்டு. அதனை ஐ.பி. முகவரி என்பர். 192.168.1.10 என்பது போல நான்கு எண்களால் ஆனது அது. முகவரியோடு சப்நெட் மாஸ்க் என்று மற்றோர் எண்தொகுதியும் சேர்ந்துவரும். முகவரியின் எந்தப் பகுதி தெருவைக் குறிக்கிறது, எந்தப் பகுதி வீட்டைக் குறிக்கிறது என்று பிரித்துக்காட்டுவது அதன் வேலை. 255.255.255.0 என்று மாஸ்க் இருந்தால் முதல் மூன்று எண்கள் தெரு. கடைசி எண் வீடு. தன் தெருவில் உள்ள வீட்டுக்குக் கடிதம் எழுதினால் பொறி தானே நேரில் கொண்டுபோய்க் கொடுத்துவிடும். வேற்றுத் தெருவுக்கு எழுதினால் அஞ்சல் நிலையத்தில் சேர்க்கவேண்டும். அந்த அஞ்சல் நிலையத்துக்குத்தான் டிஃபால்ட் கேட்வே என்று பெயர். முகவரி, மாஸ்க், கேட்வே ஆகிய மூன்றையும் நன்றாகப் புரிந்துகொண்ட மாணவன் பாதிக் கிணறு தாண்டியவன்.

நூறு பொறிகளுக்கும் இந்த எண்களைக் கையால் எழுதிவைப்பது இயலாத காரியம். எழுதினாலும் இரண்டு பொறிகளுக்கு ஒரே எண்ணைக் கொடுத்துக் குழப்பம் விளையும். ஆகவே டி.எச்.சி.பி. என்னும் ஏற்பாடு வந்தது. புதிதாக விழித்தெழுந்த பொறி, “எனக்கு முகவரி தருவார் யாராவது உண்டா?” என்று வலையமைப்பு முழுவதற்கும் கேட்கும்படி கூவுகிறது. சர்வர், “இந்த முகவரியை வைத்துக்கொள்கிறாயா?” என்று கேட்கிறது. பொறி, “அதையே தருக” என்கிறது. “தந்தேன்” என்று சர்வர் முடிக்கிறது. நான்கே வாக்கியங்கள். ஆனால் முகவரி தானமாகத் தரப்படுவதன்று; குத்தகைக்குத் தரப்படுவது. விண்டோஸ் சர்வரில் நாமாக மாற்றாவிட்டால் குத்தகைக் காலம் 8 நாட்கள். அதில் பாதி கழிந்ததும் பொறி தானே சென்று குத்தகையைப் புதுப்பித்துக்கொள்ள முயலும்.

கூவியும் யாரும் பதில் சொல்லாவிட்டால் என்ன ஆகும்? விண்டோஸ் பொறி 169.254 என்று தொடங்கும் முகவரி ஒன்றைத் தானே சூட்டிக்கொள்ளும். தேர்வில் அடிக்கடி வரும் எண் இது. இந்த எண்ணைக் கண்டவுடன், “இந்தப் பொறி முகவரி கேட்டது, கொடுப்பார் இல்லை” என்று நீங்கள் படித்துக்கொள்ள வேண்டும். கேபிள் கழன்றிருக்கலாம், சர்வரில் அந்தச் சேவை நின்றிருக்கலாம், கொடுப்பதற்கு முகவரிகளே தீர்ந்துபோயிருக்கலாம். அல்லது பொறிக்கும் சர்வருக்கும் நடுவே ரவுட்டர் ஒன்று இருக்கலாம். முகவரி கேட்கும் கூவல் ரவுட்டரைத் தாண்டிச் செல்லாது. மாடியில் உள்ள பொறிகளெல்லாம் நன்றாக இயங்க, கீழ்த்தளத்தில் மட்டும் 169.254 தோன்றினால், கூவலை எடுத்துச் சர்வருக்குச் சேர்ப்பிக்கும் ரிலே என்ற ஏற்பாடு நடுவில் இல்லை என்பதே முதற் சந்தேகம். இந்நிலையில் பெயர்ப் பட்டியலில் தவறு இருக்குமோ என்று டி.என்.எஸ். பக்கம் தேடுவது, மடையைப் பாராமல் குற்றாலத்துக்குப் பஸ் ஏறுவது போன்றது.

நான் நேரில் கண்ட ஒரு நிகழ்ச்சியை இங்கே சொல்லவேண்டும். இவ்வட்டாரத்துப் பள்ளி ஒன்றில் கணிப்பொறி அறையில் இருபது பொறிகளுக்கு மேல் இருந்தன. மாணவர்களின் விவரங்களைக் கணிப்பொறி வழியே பதிவு செய்யவேண்டிய கடைசி வாரம் அது. ஒருநாள் காலையில் ஏழெட்டுப் பொறிகள் பள்ளிச் சர்வரைக் காணவில்லை என்றன. மற்றவை நன்றாக இருந்தன. மறுநாள் நேற்றுக் கெட்டவற்றில் சில குணமடைந்து, நேற்று நன்றாயிருந்தவற்றில் சில கெட்டன. பழுது பார்க்க வந்தவர் எல்லாவற்றையும் நிறுத்தி மறுபடி இயக்கினார். சிறிது நேரம் சரியாயிற்று. பிறகு பழைய கதைதான். சர்வர் பழையதாகிவிட்டது, புதிதாக வாங்கவேண்டும் என்று சொல்லிச் சென்றார். பள்ளியின் கையிருப்பில் அவ்வளவு பணம் இல்லை. பதிவு முடியாவிட்டால் அல்லற்படப் போகிறவர்கள் மாணவர்கள்.

அந்தச் சமயத்தில் என்னிடம் முன்னர்ப் படித்த மாணவி ஒருத்தி விடுமுறைக்கு ஊர் வந்திருந்தாள். அழைத்ததும் வந்தாள். வந்தவள் சர்வர் இருந்த பக்கமே போகவில்லை. நன்றாயிருந்த பொறி ஒன்றில் ஐ.பி. விவரங்களைக் காட்டும் கட்டளையைக் கொடுத்துத் தாளில் எழுதிக்கொண்டாள். கெட்ட பொறியிலும் அவ்வாறே செய்து, இரண்டையும் அருகருகே வைத்தாள். முதற்பொறியின் முகவரி 192.168.10 என்று தொடங்கிற்று. மற்றது 192.168.0 என்று தொடங்கிற்று. “சார், இங்கே முகவரி கொடுக்கிறவர் இரண்டு பேர் இருக்கிறார்கள்” என்றாள். கெட்ட பொறிக்கு முகவரி கொடுத்த சர்வர் எதுவென்ற எண்ணும் அந்தப் பட்டியலிலேயே இருந்தது. அது பள்ளிச் சர்வரின் எண் அன்று. கேபிள்களைப் பின்தொடர்ந்து போனபோது, அலுவலக அறையின் மேசைக்குப் பின்னால், வீடுகளில் வைஃபைக்காக வைக்கும் சிறிய ரவுட்டர் ஒன்று பள்ளி வலையமைப்போடு இணைக்கப்பட்டிருந்தது. கைப்பேசிக்கு இணையம் கிடைக்கட்டும் என்று யாரோ நல்லெண்ணத்தோடு செருகிவைத்தது. அதுவும் ஒரு டி.எச்.சி.பி. சர்வர்தான். பொறி கூவும்போது யார் முந்திப் பதில் சொல்கிறாரோ அவர் கொடுக்கும் முகவரியே அதற்கு வாய்க்கும். அதனால்தான் ஒருநாள் இது, ஒருநாள் அது என்று கெட்டன. ரவுட்டரைக் கழற்றி, பொறிகளைப் புதிதாக முகவரி கேட்கச் செய்ததும் எல்லாம் நேராயின. செலவு ஒரு காசும் இல்லை.

தேர்வெழுதுபவர்கள் இதிலிருந்து ஒரு நுட்பத்தைக் குறித்துக்கொள்ளலாம். ஆக்டிவ் டைரக்டரி என்னும் ஆட்சிமுறைக்கு உட்பட்ட விண்டோஸ் டி.எச்.சி.பி. சர்வர், அனுமதி பெறாமல் முகவரி வழங்கத் தொடங்காது. அத்தகைய காவல் உண்டு. ஆனால் கடையில் வாங்கிய வீட்டு ரவுட்டருக்கு அந்தச் சட்டமெல்லாம் தெரியாது. “அனுமதி முறை இருக்கிறதே, போலிச் சர்வர் எப்படி வரும்?” என்று வினாத்தாள் உங்களை மயக்கப் பார்க்கும். மயங்காதீர்கள்.

மறுபடி இயக்கிப் பார்க்கும் வழக்கத்தைப் பற்றியும் இங்கே ஒரு வார்த்தை. பொறியை நிறுத்தி இயக்கினால் பல சமயம் குறை மறைந்துவிடும். மறைவது குறை மட்டுமன்று; அதன் தடயமும் மறைகிறது. திருட்டு நடந்த வீட்டைப் பெருக்கிக் கழுவிவிட்டுப் போலீசாரை அழைப்பது போல் ஆகிறது. இயக்குவதற்கு முன் முகவரியையும், நேரத்தையும், தோன்றிய செய்தியையும் அப்படியே எழுதிக்கொள்ள இரண்டு நிமிஷம் போதும். அந்த மாணவி கையில் கொண்டுவந்த கருவிகள் ஒரு தாளும் பேனாவும் மட்டுமே என்பது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

முகவரியை அடுத்து வருவது பெயர். மனிதர்களுக்கு எண் நினைவிராது, பெயர்தான் நினைவிருக்கும். தொடக்க காலத்தில் அமெரிக்காவில் வலையமைப்பில் இருந்த பொறிகள் அனைத்தின் பெயரும் எண்ணும் ஒரே ஏட்டில் எழுதப்பட்டு, ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிலையத்தில் பாதுகாக்கப்பட்டன. பொறிகள் பெருகப் பெருக ஏடு தாங்கவில்லை. 1983-இல் பால் மோக்கபெட்ரிஸ் என்பார் டி.என்.எஸ். முறையை வகுத்தார். பெயரைச் சொன்னால் எண்ணைச் சொல்லும் வேலையைப் பல சர்வர்கள் பங்கிட்டுக்கொள்ளும் முறை அது.

விண்டோஸ் வலையமைப்பில் நேரும் பழுதுகளில் பெரும்பகுதி இங்கேதான் என்பது இத்தொழிலில் இருப்போர் பலருடைய அனுபவம். ஓர் எடுத்துக்காட்டு. பொறியில் டி.என்.எஸ். முகவரியாக 8.8.8.8 என்று கூகுள் நிறுவனத்தின் பொதுச் சர்வரை எழுதிவிடுவார்கள். வெளியுலகத் தளங்களெல்லாம் நன்றாகத் திறக்கும். ஆனால் அலுவலகத்தின் சொந்தச் சர்வரை மட்டும் காணமுடியாது. ஏன்? பொறி தன் அலுவலகத்து ஆட்சிச் சர்வர் எது என்பதை டி.என்.எஸ். இடம் கேட்டுத்தான் அறிகிறது. அந்த விவரம் அலுவலகத்துக்குள் இருக்கும் டி.என்.எஸ். சர்வருக்கே தெரியும். தென்காசிச் சன்னதித் தெருவில் உள்ள ஒரு வீட்டுக்கு வழியை டில்லியில் நின்று விசாரித்தால் யார் சொல்வார்கள்? சிலர் உள்சர்வரை முதலாவதாகவும் 8.8.8.8-ஐ இரண்டாவதாகவும் எழுதுவர். இது இன்னும் கொடிது. உள்சர்வர் ஒருமுறை தாமதித்தால் பொறி வெளிச்சர்வரிடம் கேட்கும்; அது “அப்படி ஒருவர் இல்லை” என்று துணிந்து சொல்லும்; பொறியும் அதை நம்பிவிடும். எப்போதும் இருக்கும் பழுதைக் காட்டிலும் இடையிடையே தோன்றி மறையும் பழுதுக்கே நான் அதிகம் அஞ்சுவேன்.

பழுது எண்ணிலா, பெயரிலா என்று பிரித்தறிய எளிய வழி உண்டு. பிங் என்னும் கட்டளையை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1983 டிசம்பரில் அமெரிக்க ராணுவ ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் பணிபுரிந்த மைக் மூஸ் என்பவர் இதனை எழுதினார். நீர்மூழ்கிக் கப்பலைத் தேடும் கருவி ஒலியலையை அனுப்பி எதிரொலியைக் கேட்கும் அல்லவா? அந்த ஒலியின் பெயரையே கட்டளைக்கும் வைத்தார். முதலில் உங்கள் கேட்வேயைப் பிங் செய்யுங்கள். பதில் வந்தால் உங்கள் கேபிளும் முகவரியும் ஒழுங்காக இருக்கின்றன. அடுத்துத் தொலைவில் உள்ள சர்வரை எண்ணால் பிங் செய்யுங்கள். பிறகு அதையே பெயரால் செய்யுங்கள். எண்ணுக்குப் பதில் வந்து பெயரைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்றால், வழி நேராக இருக்கிறது, பெயர்ப் பட்டியலில்தான் கோளாறு. அப்பொழுது என்.எஸ்.லுக்கப் என்னும் கட்டளையால் டி.என்.எஸ். சர்வரையே நேரில் விசாரிக்கலாம். எண்ணுக்கே பதில் வரவில்லையானால் டிரேசர்ட் கட்டளை, செய்தி எந்த ரவுட்டர் வரை சென்றது என்று படிப்படியாகக் காட்டும். கால்வாய்க் கரையோடு நடப்பது என்றேனே, அந்த நடைதான்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லவேண்டும். பிங்குக்குப் பதில் வராததனால் எதிர்ப்பொறி இறந்துவிட்டது என்று முடிவு கட்டலாகாது. விண்டோஸில் உள்ள ஃபயர்வால் என்னும் காவற்சுவர் பெரும்பாலும் வெளியிலிருந்து வரும் பிங்கைத் தடுத்துவிடும். வாயிலில் அழைத்தும் விடையில்லை என்பதால் வீட்டில் ஆளில்லை என்று பொருளாகாது. வேலைக்காரர் கதவைத் திறக்கவில்லை என்றும் பொருள்படும். பதில் வந்தால் உறுதி. வராவிட்டால் ஐயம், அவ்வளவே. இந்த வேறுபாடு தெரியாமல் நல்ல சர்வரைப் பிரித்துப் போட்டவர்கள் உண்டு.

தேர்வைப் பற்றிச் சொல்கிறேன். விண்டோஸ் சர்வர் 2016-இன் வலையமைப்புப் பகுதிக்கென்றே 70-741 என்ற எண்ணுடைய தேர்வு ஒன்று இருந்தது. அது 2021 ஜனவரி 31-ஆம் நாளோடு முடிவுற்றது. அதன்பின் ஏ.இஸட்.-800 என்னும் எண்ணில் வந்த தேர்வில், நம் அறையில் உள்ள சர்வரோடு தொலைவிலுள்ள தரவு மையங்களில் வாடகைக்குப் பெறும் சர்வர்களையும் சேர்த்து ஆளும் முறை இடம்பெற்றது. எண்கள் மாறும், இன்னும் மாறும். பழைய புத்தகத்தை வாங்கி ஏமாறாமல், எந்தத் தேர்வு நடப்பில் உள்ளது என்று பணம் கட்டுமுன் பார்த்துக்கொள்ளுங்கள். முகவரி, மாஸ்க், கேட்வே, குத்தகை, பெயர் ஆகியவை எந்தத் தேர்விலும் அடிப்படையாக நிற்கும்.

சில இடங்களில் திருடப்பட்ட வினாக்களும் விடைகளும் கொண்ட தொகுப்புகள் விற்கப்படுகின்றன. அதை உருப்போட்டுத் தேர்வில் வென்றவர்களும் இருக்கிறார்கள். இது தேர்வு நடத்தும் நிறுவனத்தின் விதிக்கு மாறானது. கண்டுபிடிக்கப்பட்டால் சான்றிதழ் பறிக்கப்படும். அது கிடக்கட்டும். கடன் வாங்கி மகனுக்குத் தேர்வுக் கட்டணம் கட்டிய தகப்பனாரை நினைத்துப் பார்க்கிறேன். நேர்முகத் தேர்வில் ஒரு கணிப்பொறியை முன்னே வைத்து, “இது ஏன் சர்வரைக் காணவில்லை, பார்” என்பார்கள். அங்கே நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று யாரும் சொல்லமாட்டார்கள். பத்து நிமிஷத்தில் அந்தக் காகிதத்தின் மதிப்பு வெளிப்பட்டுவிடும். அத்தொகுப்புகளை விற்பவர்களை வியாபாரிகள் என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

பயிற்சிக்கு வசதி இல்லையே என்று சிலர் குறைப்படலாம். விண்டோஸ் சர்வர் மென்பொருளை 180 நாட்கள் விலையின்றிச் சோதித்துப் பார்க்க மைக்ரோசாஃப்ட் நிறுவனமே அனுமதிக்கிறது. விர்ச்சுவல்பாக்ஸ் போன்ற இலவச மென்பொருளால், நினைவகம் போதுமான அளவு உள்ள ஒரே கணிப்பொறிக்குள் இரண்டு மூன்று கற்பனைப் பொறிகளை அமைக்கலாம். ஒன்றைச் சர்வராகவும் மற்றதைச் சாதாரணப் பொறியாகவும் வைத்து இணையுங்கள். எல்லாம் ஒழுங்காக இயங்கியதும், நண்பர் ஒருவரை அழைத்து நீங்கள் வெளியே நிற்கும்போது ஏதேனும் ஒன்றை, ஒன்றே ஒன்றை, கெடுத்துவைக்கச் சொல்லுங்கள். பிறகு உள்ளே வந்து கண்டுபிடியுங்கள். என்ன பார்த்தீர்கள், என்ன எண்ணினீர்கள், அந்த எண்ணம் சரியா என்று எப்படிச் சோதித்தீர்கள் என்பதை நோட்டில் எழுதுங்கள். அடுத்த முறை கெடுக்கும் முறை உங்களுடையது. நல்ல நண்பராக இருந்தால் எளிதில் அகப்படாத இடமாகத்தான் கெடுப்பார்.

தொடக்கத்துக்கு நானே ஒரு கணக்குத் தருகிறேன், காகிதத்தில் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே சுவிட்சில் இரண்டு பொறிகள் இணைந்துள்ளன. கேபிள்கள் நன்றாக இருக்கின்றன. ஃபயர்வால் தடையும் இல்லை. முதற்பொறியின் முகவரி 192.168.1.10, மாஸ்க் 255.255.255.0. இரண்டாவதன் முகவரி 192.168.1.200, மாஸ்க் 255.255.255.128, அதற்குக் கேட்வே எதுவும் எழுதப்படவில்லை. முதற்பொறி இரண்டாவதைப் பிங் செய்தால் பதில் வரவில்லை. 128 என்று முடியும் மாஸ்க், 0 முதல் 255 வரை உள்ள வீட்டெண்களை 0 முதல் 127 வரை ஒரு தெரு, 128 முதல் 255 வரை மற்றொரு தெரு என்று இரண்டாகப் பிரித்துவிடும். இந்த இரண்டு பொறிகளில் எது மற்றதைத் தன் தெருவில் இருப்பதாகக் கருதுகிறது? எது அயல்தெருவில் இருப்பதாகக் கருதுகிறது? எந்த ஒரே எண்ணை மாற்றினால் இரண்டும் பேசத் தொடங்கும்?